வைரம் தேடக் குரங்காய் முடிந்தது!

ஜெர்மன் சிப்பாய் ஒருவர் 1838-ம் ஆண்டு கிரீஸ் நாட்டிலிருந்து ஊர் திரும்பினார். ஏதென்ஸ் அருகே பிக்கெர்மியில் கிடைத்த எலும்புத்துண்டு ஒன்று அவரிடம் இருந்தது. அதனுள்ளே மின்னிய கற்களை அவர் வைரம் என்று நம்பினாராம்!

அவை வெறும் சுண்ணாம்புப் படிகங்கள். ஆனால் மூனிச் நகரப் பேராசிரியர் வாக்னர் எலும்பை ஆராய்ந்தார். அது குரங்கின் எலும்பு! பூண்டோடு அழிந்துபோன ஓர் இனம். 1839-ல் அதற்கு "மீசோபித்திகஸ்" என்று பெயர் சூட்டினார்.

பிறகு பிரெஞ்சு விஞ்ஞானி கோத்ரி அங்கே தோண்டினார். ஏராளமான எலும்புகள் கிடைத்தன. தலை, கருங்குரங்கின் தலை போன்றது. கைகால்களோ நாட்டுக்குரங்கைப் போல உறுதியானவை. மரத்திலும் ஏறும், தரையிலும் நடக்கும்.

சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்த குரங்கு அது. இன்று ஐரோப்பாவில் குரங்குகள் சுதந்திரமாகத் திரிவது ஜிப்ரால்டரில் மட்டும்தான்!