நிலத்தடி உயிர்கள் – 11: நச்சுக் கிணற்றில் ஒரு பஞ்சம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் வளாகத்தில், ஒய்-12 அணு ஆலையின் அமிலக் கழிவு 1951 முதல் 1983 வரை எஸ்-3 எனப்படும் நான்கு மண் குட்டைகளில் விடப்பட்டதும், பின்னர் அவை மூடப்பட்டு வாகன நிறுத்துமிடமாக ஆனதும் சென்ற வாரமே சொல்லப்பட்டவை. அங்கே கசிந்த யுரேனியத்தை நிலத்தடியிலேயே அசையாமல் நிறுத்தக்கூடிய ஜியோபாக்டர் பாக்டீரியாவை இவ்வாரம் விரிவாகக் காண்பதாக இருந்தது. ஆனால் யுரேனியத்தை அணுகுமுன் நைட்ரேட்டைக் கடக்க வேண்டும்; நைட்ரேட்டைக் கடக்க மாலிப்டினம் என்னும் உலோகம் வேண்டும்.

யுரேனியத்தைக் கரைத்துப் பதப்படுத்த நைட்ரிக் அமிலம் பெருமளவில் பயன்பட்டதால், குட்டைகளிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய நீரில் நைட்ரேட் மிகுந்திருந்தது. சில கிணறுகளில் அதன் அளவு லிட்டருக்கு 14 கிராம் வரை எட்டியது. இந்தியக் குடிநீர்த் தரம் அனுமதிக்கும் அளவோ 45 மில்லிகிராம்தான். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்கள், தாம் உண்ட பொருளிலிருந்து கழற்றிய எலக்ட்ரான்களை வேறேதேனும் ஒரு பொருளிடம் ஒப்படைத்தே ஆற்றல் பெறுகின்றன; எலக்ட்ரானைப் பெறும் பொருள் ‘ஒடுக்கம்’ அடைந்ததாக வேதியியல் கூறும். நைட்ரேட்டை ஒடுக்குவதால் கிடைக்கும் ஆற்றல் யுரேனியத்தை ஒடுக்குவதால் கிடைப்பதைவிட அதிகம் என்பதால், நைட்ரேட் இருக்கும்வரை, ஒடுக்கம் அடைந்தால் கரையாமல் படிந்துவிடும் யுரேனியத்துக்கு முறை வருவதில்லை. அதோடு, நைட்ரேட் சிதையும்போது இடையில் உருவாகும் நைட்ரைட், ஒருமுறை படிந்துவிட்ட யுரேனியத்தையும் மீண்டும் கரைத்துவிடக்கூடியது.

நைட்ரேட்டை ஒடுக்கவல்ல பாக்டீரியாக்கள் இக்கிணறுகளில் இல்லாமல் இல்லை. அமில நீரைத் தாங்கி வாழும் ரோடனோபாக்டர் இனமும், சூடோமோனாஸ் வகைகளும் இங்கிருந்தே பிரித்தெடுக்கப்பட்டுள்ளன. அவை இருந்தும் நைட்ரேட் ஏன் பல பத்தாண்டுகளாகத் தங்கிநிற்கிறது என்ற கேள்விக்கு, நீரின் அமிலத்தன்மையும் உலோக நச்சும்தான் விடையாகத் தோன்றும். 2015இல் வெளியான ஓர் ஆய்வு அவ்விடைக்கு எதிர்பாராத ஒரு பகுதியைச் சேர்த்தது. ஓக் ரிட்ஜின் 80 கிணறுகளின் நீரில் 26 உலோகங்கள் அளக்கப்பட்டபோது, யுரேனியம் மிகுந்த கிணறுகளில் ஏறத்தாழ எல்லா உலோகங்களும் கூடியிருந்தன. காட்மியம், மாங்கனீசு, கோபால்ட் ஆகியவை 1,300 முதல் 2,700 மடங்கு வரை உயர்ந்திருந்தன. மாலிப்டினம் மட்டும் குறைந்திருந்தது. உலோகங்கள் இப்படிக் குவிந்துகிடக்கும் நீரில், உயிருக்கு இன்றியமையாத ஓர் உலோகத்துக்குப் பஞ்சம் நிலவுகிறது என்பது இத்துறையின் வியப்புக்குரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று.

அந்த உலோகம் செய்யும் வேலை சிறியதன்று. நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும் நொதியின், அதாவது உயிரணுவில் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதத்தின், மையத்தில் ஒரே ஒரு மாலிப்டினம் அணு அமர்ந்திருக்கிறது. நைட்ரேட் அந்த அணுவோடு பிணைந்து, தன் மூன்று ஆக்சிஜன் அணுக்களில் ஒன்றை அங்கே இழந்து வெளியேறுகிறது. மற்ற உலோகங்கள் எத்தனை ஆயிரம் மடங்கு கூடினாலும் அவ்விடத்தை நிரப்புவதில்லை. ஆய்வுக்கூடத்தில் இப்பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைக் கொண்டு நன்கு வளர லிட்டருக்கு ஒன்று முதல் பத்து மைக்ரோகிராம் மாலிப்டினம் தேவைப்பட்டது. மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்தக் கீழ் எல்லைகூட நீர் மாதிரிகளில் 85 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில் இல்லை.

மாலிப்டினம் எங்கே போனது என்பதற்கு 2019இல் வெளியான தொடர் ஆய்வு விளக்கம் தருகிறது. அமிலக் கழிவு பாறையிலும் மண்ணிலும் உள்ள அலுமினியத்தையும் இரும்பையும் கரைத்தெடுக்கிறது; அந்நீர் தொலைவு சென்று அமிலம் தணியும்போது அவ்விரண்டும் திடப்பொருளாகப் படிகின்றன; படியும்போது நீரிலிருந்த மாலிப்டினத்தையும் தம்மோடு பற்றிக்கொள்கின்றன.

வேளாண் அறிவியல் இதே வேதியியலை முன்பே சந்தித்திருக்கிறது. 1942இல் தென் ஆஸ்திரேலியாவின் மேய்ச்சல் நிலங்களில், உரமிட்டும் செழிக்காத குளோவர் என்னும் தீவனப் பயற்றினச் செடிக்கு மாலிப்டினமே குறை என்று ஏ. ஜே. ஆண்டர்சன் காட்டினார்; ஏக்கருக்கு நூறு கிராமுக்கும் குறைவான மாலிப்டின உப்பு அந்நிலங்களை மாற்றியது. அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் மாலிப்டினத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதும், சுண்ணாம்பு இட்டால் அது விடுபடுவதும் உழவியலில் அறியப்பட்ட செய்திகள். காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் வேர்முடிச்சுப் பாக்டீரியாக்களின் நொதிக்கும் இவ்வுலோகம் வேண்டும் என்பதால், பயற்றின வயலும் ஓக் ரிட்ஜ் கிணறும் ஒரே குறையால் வாடுகின்றன.

அப்படியானால் கிணறுகளில் மாலிப்டினத்தைக் கலந்துவிட்டால் போதுமா? இங்கேதான் கவனம் தேவை. ஆய்வுக்கூடத்தில் அளவு மிகுந்தபோது பாக்டீரியாக்களின் வளர்ச்சி தடைபட்டது. நைட்ரேட்டிலிருந்து நைட்ரைட் உருவாகும் வேகத்துக்கு அடுத்த படியில் அது சிதையும் வேகம் ஈடுகொடுக்காததால், நைட்ரைட் நச்சாகும் அளவுக்குத் தேங்கியது. நைட்ரேட் கூடிய நீரில் இத்தீங்கும் கூடியது; ஓக் ரிட்ஜில் மாலிப்டினம் மிகவும் தேவைப்படும் கிணறுகளும் அத்தகையவையே. தேங்கும் அந்த நைட்ரைட், படிந்த யுரேனியத்தை மீண்டும் கரைப்பதால், மருந்தின் அளவு தவறினால் நோயே திரும்பிவிடும்.

இந்த நெருக்கடியைத் தாண்டி, எத்தனாலை உணவாகச் செலுத்தி யுரேனியத்தைக் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 0.03 மில்லிகிராமுக்கும் கீழே இறக்கிய ஓக் ரிட்ஜ் களச்சோதனையும், அதற்காக நைட்ரேட் முதலில் நிலத்துக்கு மேலே கொண்டுவந்து நீக்கப்பட்ட விதமும், காத்திருக்கும் ஜியோபாக்டரோடு சேர்த்து அடுத்த இதழில் இடம்பெறும்.