கையொப்பத்துக்கு எத்தனை சென்ரிமீற்றர்?

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், சிக்கன கடனுதவிச் சங்கம் என எதை எடுத்தாலும் அதன் வேலையில் பாதி பட்டியல்களிலேயே கழிகிறது. கடன் பெற்றோர் பட்டியல், விதைநெல் பெற்றோர் பட்டியல், கூட்டத்துக்கு வந்தோர் பட்டியல்! அன்று அடிமட்டமும் பென்சிலும் கொண்டு கொப்பியில் கோடு கீறிய செயலாளர்கள் பலர் இன்று கணனியில் அட்டவணை போடுகிறார்கள். அடிமட்டம் பிடித்த கைக்கு எந்த நிரல் அகலமாக இருக்கவேண்டும் என்பது தெரிந்திருந்தது. கணனிக்கு அதை நாம்தான் சொல்லவேண்டும்.

மைக்ரோசொப்ட் வேர்டில் ஆறு நிரல்கள் கேட்டால் அது ஆறையும் சமமாகவே பிரித்துத் தரும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இரு பக்கமும் 2.54 செ.மீ. ஓரம் விட்டால் மிஞ்சுவது 15.92. ஆறு பங்கு வைத்தால் ஒன்றுக்கு 2.65 செ.மீ. தொடரிலக்கத்துக்கும் அதே அகலம், நீண்ட பெயருக்கும் அதே அகலம்.

இதில் அடிபடுவது அடையாள அட்டை இலக்கம். பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும் இருந்தன. 2016ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்படும் புதிய அட்டையில் 12 எண்கள். கட்டத்துக்குள் இரு பக்கமும் வேர்ட் தானாகவே 0.19 செ.மீ. வெறுமையாக விடுவதால், எழுதுவதற்கு உள்ள இடம் 2.27 செ.மீ. மட்டுமே. ரைம்ஸ் நியூ ரோமன் எழுத்தில், 12 புள்ளி அளவில், பழைய இலக்கம் இதற்குள் அடங்கிவிடும். புதியதற்கு 2.54 செ.மீ. தேவை. நிரலின் அகலம் மாறாதபடி வைக்கப்பட்டிருந்தால் கடைசி இரண்டு எண்களும் கீழ் வரியில் விழும். நிரையின் உயரத்தையும் 'எக்ஸாக்ட்லி' என்று இறுக்கிவிட்டிருந்தால் அந்த இரண்டு எண்களும் அச்சில் வரவே மாட்டா. பத்து எண்களோடு அலுவலகத்துக்குப் போகும் பட்டியலில் உள்ளவர் யாரென்று எப்படி அறிவது? அந்த ஏழையின் கொடுப்பனவுதான் தாமதமாகும்.

சரி, உள்ளடக்கத்துக்கு ஏற்ப நிரல் தானாக விரியட்டும் என்று விட்டால் என்ன? அப்படியும் ஒரு வசதி உண்டு, இலக்கம் உடையாது. ஆனால் கணனி பார்ப்பது தட்டெழுதியதை மட்டுமே. கையொப்ப நிரலில் எவரும் எதையும் தட்டெழுதுவதில்லை. ஆகவே வெறுமையாகக் கிடக்கும் அந்த நிரலையே அது ஒடுக்கிவிடும். வயலிலிருந்து வந்த ஒரு தாய் பெருவிரல் அடையாளம் வைக்கும்போது அது பக்கத்து நிரலில் உள்ள தொகையை மறைத்துவிடுவதை நாம் பல பட்டியல்களில் பார்க்கிறோம்.

ஆகவே அகலத்தை நாமே முடிவுசெய்வது நல்லது. அட்டவணை முழுவதையும் தெரிவுசெய்து, 'லேஅவுட்' பகுதியில் 'ஓட்டோபிட்' என்பதன் கீழ் 'பிக்ஸ்ட் கொலம் விட்த்' என்பதை அழுத்துங்கள். பின்னர் 'ரேபிள் புரொப்பட்டீஸ்' திறந்து, 'கொலம்' என்ற பக்கத்தில் ஒவ்வொரு நிரலுக்கும் அளவைக் கொடுங்கள். நாம் கொடுப்பது இது: தொடரிலக்கம் 1.0, பெயர் 4.0, அடையாள அட்டை 3.0, கிராமம் 2.5, தொகை 2.3, கையொப்பம் 3.1. கூட்டினால் 15.9 செ.மீ. நிரையின் உயரத்துக்கு 'அற் லீஸ்ற்' என்பதைத் தெரிந்து 1 செ.மீ. கொடுத்தால் பெருவிரலுக்கும் இடமிருக்கும். பெயர் இரண்டு வரியானாலும் மறையாது. தொகை நிரலில் 'ரூபா' என்பதைத் தலைப்பில் மட்டும் எழுதி, எண்களை வலப்பக்கமாக ஒதுக்குங்கள். கூட்டிப் பார்ப்பவருக்கு அது பெரிய உதவி.

மவுசினால் கோட்டைப் பிடித்து இழுக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒரு கட்டம் மட்டும் தெரிவாகியிருக்கும்போது இழுத்தால் அந்தக் கட்டத்தின் கோடு மட்டும் நகர்ந்து அட்டவணை கோணலாகும். 'ஷிப்ட்' விசையை அழுத்தியபடி இழுத்தால் அடுத்த நிரலின் அகலம் மாறாது. அட்டவணையின் மொத்த அகலமே மாறும், தாளுக்கு வெளியே போகவும் கூடும். 'ஆல்ட்' விசையை அழுத்தியபடி இழுத்தால் அளவு மேலே அடிமட்டத்தில் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் ரைட்டரில் 'ஆல்ட்' விசையுடன் இட, வல அம்பு விசைகளை அழுத்தியே நிரலை ஒடுக்கவும் விரிக்கவும் முடியும்.

பட்டியலை வேறொரு கணனியில் அச்சிடுவதானால் பிடிஎப் ஆக மாற்றிக் கொண்டுபோங்கள். அங்கே உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று வந்து அமரும். அளந்து வைத்த அகலங்கள் எல்லாம் பிசகிவிடும். அச்சிடுமுன் 'றிப்பீற் ஹெடர் றோஸ்' என்பதையும் அழுத்திவிடுங்கள். இரண்டாம் பக்கத்தில் கையொப்பமிடுபவரும் தாம் எதற்கு ஒப்பமிடுகிறார் என்பதைத் தலைப்பில் வாசிக்கலாம்.