மூளைக் குருதிக்குழாய்க்குச் செல்லும் வழிகள்

மூளையின் குருதிக்குழாய்களைக் காணக் கழுத்தே முதல் வாயிலாயிற்று. 1927-இல் இலிசுபனில் ஏகாசு மோனிசு கழுத்துத் தமனியை வெளிப்படுத்தி, அதனுள் சோடியம் அயோடைடு கரைசலைச் செலுத்திக் கதிர்ப்படம் எடுத்தார். 1953-இல் செல்டிங்கர் தம் முறையை வெளியிட்டபின் தொடைத் தமனி பெருவழியாயிற்று. ஆயின் முதியோர் சிலர்க்குப் பெருந்தமனியின் வளைவு முறுக்குண்டிருத்தலின், தொடைவழி ஏறும் நுண்குழல் கழுத்துட் புகாது தடைப்படும். மூளைக்குழாய் அடைபட்டார்க்கு அத்தாழ்வு உயிர்க்கே கேடாம்.

அந்நிலையில் மணிக்கட்டு மாற்றுவழியாகும். நம் மருத்துவர் நாடி பார்க்கும் இடமும் அதுவே. அங்குள்ளதனை ‘ஆரைத் தமனி’ என்பர். ஆரை, சக்கரத்தின் ஆரக்கால்; இலத்தீன் மூலச்சொற்கும் அப்பொருள் உண்டு. (கலைச்சொல் ஆக்கியோர் இங்கு நன்கு தேர்ந்தனர்.) அடியில் எலும்பு இருத்தலின் அழுத்திக் குருதியை நிறுத்தல் எளிது, தொடையிலோ கசிவு உள்ளே மறைந்து பெருகும். தமனி சிறிதாதலின் பருத்த குழல் புகாமை இவ்வழியின் குறை. இரண்டும் ஒவ்வாதவிடத்துக் கழுத்தையே நேரே துளைப்பாரும் உளர்.