புற்று அகன்ற பின்னும் அகலாத அச்சம்

விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ரப்பர் நிரைகளினூடே தனியே நடந்து பழகியவர்கள் நம் தோட்டப் பாட்டாளிகள். இருளுக்கும் மழைக்கும் பாம்புக்கும் அஞ்சாத அவர்களையும் ஒரு சொல் நடுங்க வைத்துவிடுகிறது. அச்சொல் புற்றுநோய்.

புற்றுநோய் வராமல் தடுப்பது பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். வந்த நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, அறுவை சிகிச்சையும் பெற்று வீடு திரும்பிய ஒருவர், அதன் பின் இரவில் உறக்கமின்றித் தவிப்பதைப் பற்றி எழுதியவர் சிலரே. “உள்ளே எங்கேனும் பரவியிருக்குமோ?” என்ற கேள்வி அவரை விடாமல் துரத்துகிறது. தோலில் தோன்றும் மெலனோமா என்னும் புற்றுநோயை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்த அச்சத்தை எவ்வாறு ஆள்வது என்பதை இங்கு ஆராய்வோம்.

காலடியில் தோன்றும் கரும்புள்ளி

நம் தோலுக்கு நிறம் தருபவை மேல்தோலின் அடியில் இருக்கும் நிறமி உயிரணுக்களாகும். அவை கட்டுப்பாடிழந்து பெருகுவதே மெலனோமா. வெள்ளையரிடையே இது மிகுதி. அவர்களுக்குப் பெரும்பாலும் வெயில் காரணமாகிறது. கருநிறத் தோலுடைய நம்மவரிடையே இது அரிது. ஆயினும் வரும்போது, வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலுமே பெரும்பாலும் வருகிறது. ஆகவே, “வெயிலில் வேலை செய்ததால் வந்ததோ, நான் என்ன பிழை செய்தேனோ” என்று காலில் நோய் கண்டவர் தம்மையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இங்கு நமக்கொரு தொல்லை உண்டு. பால் வெட்டுபவரின் காலில் முள் குத்துவதும், கால் ஆணி வளர்வதும், நகச்சுற்று வருவதும் அன்றாட நிகழ்ச்சிகள். விரல்களில் உலர்ந்த ரப்பர்ப் பாலின் கறை எளிதில் போவதில்லை. எனவே புதிதாகத் தோன்றிய கரும்புள்ளியை, “இதுவும் அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம். உலகப் புகழ் பெற்ற ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்கு 1977-ஆம் ஆண்டில் கால் பெருவிரல் நகத்தின் அடியில் இந்நோய் இருப்பது கண்டறியப்பட்டது. விரலை அகற்றிவிடும் யோசனையை அவர் ஏற்கவில்லை. நகத்தையும் அதன் அடிப்பகுதியையும் மட்டுமே அகற்றிக்கொண்டார். நோய் பின்னர் உடலெங்கும் பரவி, 1981-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள், தமது 36-ஆம் வயதில் அவர் காலமானார்.

இச்செய்தியைக் கேட்டதும் அச்சம் பிறப்பது இயல்பே. ஆனால், தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டு முழுமையாக அகற்றப்பட்ட நோய் வேறு. உரிய முறையில் அகற்றப்படாத நோய் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதிலிருந்தே பாதி அச்சம் பிறக்கிறது.

ஆழமே அளவுகோல்

பால் வெட்டுபவருக்கு மில்லிமீட்டரின் அருமையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய வளர்படலம் ஒன்று உள்ளது. அதற்கு மேலே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்டினால் பாலும் வரும், மரமும் பிழைக்கும். கத்தி அதைத் தாண்டி இறங்கினால் மரம் காயப்படும். மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஒரு மில்லிமீட்டருக்குள் அத்துணை வேறுபாடு!

மெலனோமாவிலும் இதே கணக்குத்தான். தோலின் மேலடுக்கில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதன் கீழ் அடுக்கிலேயே இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் உள்ளன. நோய் மேலடுக்கில் மட்டும் இருக்கும்வரை, வேறிடம் செல்ல அதற்குப் பாதை இல்லை. எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவுக்குப் பரவும் வாய்ப்பும் கூடுகிறது. அமெரிக்க மருத்துவர் அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ 1970-ஆம் ஆண்டில் இவ்வுண்மையை எடுத்துக்காட்டினார். அன்று முதல், புள்ளியின் அகலத்தைவிட ஆழத்தையே மருத்துவர்கள் முதன்மையாகக் கொள்கின்றனர்.

ஆழம் 1 மில்லிமீட்டருக்குள் இருந்தாலும், மேற்புறம் புண்ணாகாமல் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தாலும், நிணநீர்க் கணுக்களை எட்டாதிருந்தால், அது முதல் நிலை எனப்படும். 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் கண்டறியப்பட்டவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேற்பட்டோர் பத்தாண்டுகள் கடந்தும் இந்நோயால் உயிரிழப்பதில்லை என்பது மேல்நாடுகளில் நெடுங்காலம் கண்ட அனுபவம். காலடியில் வரும் வகையில் இந்த நிலை சற்றுக் குறைவாக இருப்பதற்கு, அது பெரும்பாலும் காலந்தாழ்த்திக் கண்டுபிடிக்கப்படுவது ஒரு முக்கியக் காரணம். நோய் திரும்பி வரும் வாய்ப்பு அறவே இல்லை என்று யாரும் உறுதி கூற இயலாது. ஆனால் முதல் நிலையில் அவ்வாய்ப்பு சிறியது என்பதை உறுதியாகக் கூறலாம்.

ஆகவே, சிகிச்சை பெற்றவர் மருத்துவரிடம் தயங்காது கேட்க வேண்டிய முதற்கேள்வி இது: “என் நோயின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர்?” அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மனம் கற்பனை செய்யும் எண்ணைவிட அது பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும்.

வீண் அச்சங்கள் மூன்று

“கத்தி பட்டால் புற்று பரவும்” என்பது முதலாவது. ஐயத்திற்குரிய புள்ளியை வெட்டிச் சோதிப்பதால் மெலனோமா பரவுவதில்லை. சோதிக்காமல் விட்டு வைப்பதே அதற்கு ஆழம் இறங்க அவகாசம் தருகிறது.

“முதலில் வெட்டினார்கள், இப்போது மீண்டும் வெட்ட வேண்டும் என்கிறார்களே; பரவிவிட்டதை மறைக்கிறார்களோ?” என்பது இரண்டாவது. முதல் அறுவை நோய் இன்னதென்று அறிவதற்கு. இரண்டாவது அறுவையில், ஆழம் குறைந்த நோயாயின், சுற்றிலும் சுமார் 1 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து அகற்றுவர். இது எல்லாருக்கும் உரிய நடைமுறையே. காலடியாயின் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டவும் நேரலாம்.

“இது ஒட்டிக்கொள்ளும் நோய்” என்பது மூன்றாவது. புற்றுநோய் தொற்றுநோயன்று. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே பாயில் உறங்குவதாலோ, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதாலோ அது மற்றவருக்கு வருவதில்லை. மகளுக்கு வரன் பார்க்கும் வேளையில் நோயை மறைத்து, அதனால் மறுபரிசோதனைக்கும் செல்லாது இருந்துவிடுவது பெருந்தீங்காகும்.

இத்தகைய அச்சங்கள் நம் சமுதாயத்திற்குப் புதியவை அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை 1923-ஆம் ஆண்டில் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரின் விளைவாக 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. மறு ஆண்டில் அங்குப் பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-ஆம் ஆண்டில் மறையும் வரை வலியுறுத்தியவற்றுள் தலையாயது, புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்தலாம் என்பதாகும்.

அச்சத்திற்கு ஒரு வேலை கொடுப்போம்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். முதுகு வலித்தால் எலும்பில் பரவிவிட்டது. தலை வலித்தால் மூளைக்கு ஏறிவிட்டது. இருமினால் நுரையீரல் போயிற்று! பத்து மைல் நடந்தவரின் முதுகு முன்பும் வலித்ததுதான். அன்று அது வெறும் வலி. இன்று அது தூதுவன்.

“பயப்படாதே” என்று சொல்வதால் பயம் போய்விடாது. அதற்கு ஒரு வேலையும் ஒரு நேரமும் வகுத்துக் கொடுப்பதே வழி. வேலையற்ற அச்சம் வீடெங்கும் சுற்றித் திரியும். வேலை கொடுக்கப்பட்ட அச்சம் காவலாளாக நிற்கும். அதற்குரிய முறைகளைக் காண்போம்.

முதலாவதாக, மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பள நாளாயின் மறவாது. அன்று குளித்து, கால்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கால், விரலிடுக்கு, நகங்கள், உள்ளங்கை ஆகியவற்றைப் பாருங்கள். காலடியையும் முதுகையும் மனைவியோ கணவரோ பிள்ளையோ பார்க்கட்டும். பழைய தழும்பின் அருகே புதிய கருமை உண்டா? ஏதேனும் புள்ளி அளவிலோ நிறத்திலோ மாறியுள்ளதா? ஒரே நகத்தில் கருங்கோடு அகன்று, நகத்தைத் தாண்டித் தோலிலும் படர்கிறதா? நோய் காலில் இருந்ததாயின் இடுப்பு மடிப்பிலும், கையில் இருந்ததாயின் அக்குளிலும் கெட்டியான கட்டி தட்டுப்படுகிறதா? பல நகங்களில் நெடுநாளாக இருந்துவரும் கோடுகள் நம்மவரிடையே இயல்பானவை. புதியதும் மாறுவதுமே கவனிக்கத்தக்கவை. பார்த்து முடித்ததும் அடுத்த மாதம் வரை அந்த ஆராய்ச்சியை மூடிவிடுங்கள். நாள்தோறும் பத்து முறை தடவிப் பார்ப்பது அச்சத்திற்குத் தீனி போடுவதேயாகும்.

இரண்டாவதாக, பிள்ளைகளின் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றில், தோன்றும் வலிகளையும் ஐயங்களையும் தேதியிட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம். பெரும்பாலான வலிகள் இரண்டு வாரங்களுக்குள் மறைந்துவிடுவதை அப்புத்தகமே உங்களுக்குக் காட்டும். மறையாததும், நாளுக்கு நாள் கூடுவதும் மருத்துவரிடம் காட்டத்தக்கவை. கட்டியோ புதிய கருமையோ கண்டால் அடுத்த தவணைக்குக் காத்திராமல் உடனே செல்லுங்கள்.

மூன்றாவதாக, மறுபரிசோதனைத் தவணைகளைத் தவறவிடாதீர்கள். முதல் நிலை நோய்க்கு முதல் ஐந்தாண்டுகளில் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பது பொதுவான வழக்கம். உங்கள் தவணையை உங்கள் மருத்துவரே குறிப்பார். தவணை நெருங்கும் வாரத்தில் மனம் பதறுவது எல்லாருக்கும் உண்டு. அப்பதற்றத்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். “எனக்கு ஸ்கேன் எடுக்கவில்லையே” என்றும் கலங்க வேண்டாம். முதல் நிலையில் அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு அது பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

நான்காவதாக, கவலைப்படுவதற்கென மாலையில் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் அவ்வெண்ணம் எழுந்தால், “மாலையில் பார்த்துக்கொள்வோம்” என்று தள்ளி வையுங்கள். கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றினும், பலருக்குப் பயன் தந்த முறை இது. உடல் தேறியதும், மருத்துவர் அனுமதித்த அளவில், காலணி அணிந்து வேலைக்குத் திரும்புவதும், கோயில் திருவிழாவிலும் உறவினர் வீட்டு விசேடங்களிலும் கலந்துகொள்வதும் மருந்துக்கு நிகரானவை.

குடும்பத்தாரின் பங்கு

நோயாளியின் முன் பேச்சை நிறுத்திக்கொண்டு, அடுப்படியில் கிசுகிசுப்பது அவரது அச்சத்தை இருமடங்காக்கும். “ஒன்றுமில்லை, சும்மா இருங்கள்” என்று வாயை அடைப்பதும் உதவாது. “அப்பா, இன்று மனம் எப்படி இருக்கிறது?” என்று மகன் கேட்டு, விடையைப் பொறுமையுடன் கேட்பதே போதும். மருத்துவமனைக்கு ஒருவர் துணை செல்லுங்கள். பதற்றத்தில் நோயாளியின் காதில் விழாத சொல் துணைவந்தவர் காதில் விழும்.

வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் இல்லாமற்போனால், வேலையில் மனம் செல்லாவிட்டால், வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் தோன்றினால், அதுவும் மருத்துவம் தேவைப்படும் நிலையே. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் அதைக் கூறலாம். சுகாதார அமைச்சின் மனநல ஆலோசனைத் தொலைபேசி எண் 15555-ஐயும் அழைக்கலாம்.

எங்குச் செல்வது?

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்கான வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளியே. அங்கிருந்து தேவைக்கேற்ப ஜாசின் அல்லது அலோர் காஜா மருத்துவமனைக்கோ, மலாக்கா மருத்துவமனையின் தோல் மருத்துவப் பிரிவுக்கோ அனுப்புவர். 1966-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட மலேசியத் தேசியப் புற்றுநோய்க் கழகமும் நோயாளிகளுக்கு உதவி வருகிறது.

இறுதியாக, நள்ளிரவில் எழும் கேள்விக்கும் நேர்மையாக விடை கூறுவோம்: ஒருவேளை நோய் திரும்பினால்? அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ஆம் ஆண்டில், தமது 90-ஆம் வயதில், மெலனோமா மூளை வரை பரவியிருந்தது. அறுவையும் கதிர்வீச்சும், உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய மருந்தும் அவருக்கு அளிக்கப்பட்டன. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில், நூறு வயதைக் கடந்த பின்னரே அவர் மறைந்தார். அத்தகைய மருந்துகளுக்கு வழிவகுத்த ஆராய்ச்சிக்கு 2018-ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அம்மருந்து எல்லாருக்கும் ஒருபோல் பலன் தருவதில்லை. ஆயினும் நோய் திரும்பினால் வழியே இல்லை என்ற காலம் மலையேறிவிட்டது.

மலாக்கா மண்ணில், புக்கிட் லிந்தாங்கில், 1896-ஆம் ஆண்டில் ரப்பர் பயிரிடப்பட்டது. அன்று தொட்டு இத்தொழில் நமக்குக் கற்பித்தது ஒன்றுண்டு. நேற்று வெட்டிய மரத்தைப் பால் வெட்டுபவர் இரவெல்லாம் விழித்துக் காவல் காப்பதில்லை. முறை வரும் நாளில் விளக்குடன் சென்று நன்றாகப் பார்க்கிறார். நோய் அகன்றவரும் அதுபோல் குறித்த நாளில் கருத்தோடு பார்ப்பாராக. மற்ற நாட்களில் நிம்மதியாக உறங்குவாராக.