வியாழனின் துருவ ஒளி

பூமியின் துருவ வானில் பச்சையும் சிவப்புமாய்ச் சுடரும் துருவ ஒளியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். வியாழனிலும் அது உண்டு. ஆனால் பெரும்பகுதி நம் கண்ணுக்குப் புலப்படாது.

வியாழனின் காந்தப்புலத்தில் விரைவு பெற்ற எலக்ட்ரான்கள் துருவங்களில் ஹைட்ரஜன் மூலக்கூறுகளைத் தாக்கி அயனிகளாக்குகின்றன. அந்த அயனி வேறொரு ஹைட்ரஜன் மூலக்கூறுடன் மோதும்போது, மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் முக்கோணமாய் இணைந்த புதிய அயனி பிறக்கிறது. இது அதிரும்போது அகச்சிவப்புக் கதிர்களை வீசுகிறது.

1980-ஆம் ஆண்டில் ஓகா என்னும் விஞ்ஞானி இதன் அகச்சிவப்பு நிறமாலைக் கோடுகளை ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தார். 1988-இல் ஹவாய்த் தீவிலுள்ள தொலைநோக்கியால் வியாழனை ஆராய்ந்தபோது எதிர்பாராத சில கோடுகள் தென்பட்டன. அவை இந்த அயனியின் கோடுகளே!

வெப்பம் மிகுந்தால், உயர் ஆற்றல் நிலைகளிலிருந்து எழும் கோடுகளும் வலுக்கும். எனவே கோடுகளின் பொலிவை ஒப்பிட்டு வெப்பநிலையைக் கணக்கிடலாம். கிடைத்த விடை ஏறத்தாழ 1,100 கெல்வின்!

பூமி பெறும் சூரிய வெப்பத்தில், அதே பரப்பளவுக்கு, 27-இல் ஒரு பங்கே வியாழனுக்குக் கிட்டுகிறது. பின் இவ்வளவு வெப்பம் எப்படி? துருவ ஒளியை உண்டாக்கும் ஆற்றலே வளிமண்டலத்தையும் சூடாக்குகிறது. அவ்வெப்பம் நடுக்கோடு வரை பரவுவதை, இதே அயனியின் ஒளியைக்கொண்டு 2021-இல் வரைந்த வெப்பப்படங்கள் காட்டின. வெப்பமானி எட்டாத உயரத்தை ஒளியே அளந்து தந்தது அல்லவா?