கல்முனைக்குடி ஆசிரியர் கவிஞரான வழி

எம்.ஏ. நுஃமான் 1944 ஓகஸ்ட் 10ஆம் திகதி கல்முனைக்குடியில் ஓர் ஆலிமின் மகனாகப் பிறந்தார். கவிஞர், திறனாய்வாளர், மொழிபெயர்ப்பாளர், மொழியியல் பேராசிரியர் என்று தமிழ் வாசகர்கள் இன்று அவரை அறிவார்கள். அவருடைய தொழில் வாழ்க்கையோ ஒரு பாடசாலை ஆசிரியராகத்தான் தொடங்கியது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று வகுப்பறைக்குப் போனவர், சொந்தக் கவிதைத் தொகுதி ஒன்றைக் கையில் எடுத்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதற்குள் மற்றவர்களின் கவிதைகளுக்காகச் சஞ்சிகை நடத்திவிட்டார். மற்றவர்களின் நூல்களைப் பதிப்பித்துவிட்டார். அந்தச் சுற்றுவழிதான் அவரை எழுத்தாளராக்கியது.

அந்த வழி தொடங்கிய ஊரின் அமைப்பை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கிழக்கிலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. வடக்கிலிருந்து வந்தால் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். இவற்றில் மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் முஸ்லிம் ஊர்கள். பெரியநீலாவணை, பாண்டிருப்பு, காரைதீவு தமிழ் ஊர்கள். கிழக்கே கடல், மேற்கே வயல். மருதமுனையில் கைத்தறி, கரை முழுக்க மீன்பிடி, உள்ளே வேளாண்மை. கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்துக்கும் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கும் இடையே நடந்து போகும் தூரம்தான். ஒரே பேச்சுத் தமிழ், ஒரே சந்தை. இங்கே எழுத வந்த ஒரு முஸ்லிம் இளைஞனின் முதல் வாசகன் பக்கத்து ஊர்த் தமிழ் ஆசிரியராக இருப்பது மிக இயல்பாக நடந்தது.

ஆசிரியர் என்ற சொல் இந்தக் கதையில் அடிக்கடி வரும். அதற்குக் காரணம் உண்டு. வயலும் கடலும் தறியும் சோறு போட்ட ஊர்களில், தாள் பேனையோடு மாதச் சம்பளம் தந்த வேலைகள் மிகக் குறைவு. அவற்றில் ஓரளவு எட்டக்கூடியதாக இருந்தது ஆசிரியத் தொழில். பாடசாலை விட்ட பிறகு பின்னேரம் கிடைத்தது, விடுமுறை கிடைத்தது, புத்தகம் வாங்கச் சிறிது காசும் மிஞ்சியது. தூர ஊருக்கு மாற்றம் வந்தால் புதிய நண்பர்களும் கிடைத்தார்கள். மருதமுனைச் சிறுகதையாளர் மருதூர்க் கொத்தன் ஆசிரியர். பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கம் ஆசிரியர். பெரியநீலாவணையின் கே. சின்னத்துரையும் ஆசிரியர்தான், ஊர்ப் பெயரை ஒட்டி நீலாவணன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்.

இவர்களுக்கு ஒரு தலைமுறைக்கு முந்திய உதாரணம் காரைதீவில் இருந்தது. 1892இல் அங்கே பிறந்த மயில்வாகனம் முதலில் அறிவியல் ஆசிரியர். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விலும் இலண்டன் விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறியவர். பிறகு இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் பொறுப்பேற்றார். பழந்தமிழ் இசைக்கருவிகளை ஆராய்ந்த அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல், அவர் மறைந்த ஆண்டிலேயே வெளிவந்தது. இரசாயனம் படிப்பித்தவர் யாழின் சுருதிக் கணக்கில் வந்து சேர்ந்தார். இந்தக் கரையோரத்தில் எழுத்துக்குப் போன பாதைகள் இப்படித்தான் வளைந்து போயிருக்கின்றன.

நுஃமான் எழுதத் தொடங்கியது 1960களின் ஆரம்பத்தில். அப்போது கல்முனையில் எழுத விரும்பிய இளைஞர் எவரும் நீலாவணனைத் தாண்டிப் போக முடியாது. 1931இல் பிறந்த அவர் கல்முனை எழுத்தாளர் சங்கத்தை முன்னின்று நடத்தினார், பா நாடகம் எழுதி மேடையேற்றினார், ‘பாடும்மீன்’ என்ற சஞ்சிகையை வெளியிட்டார். தன்னைவிடப் பதின்மூன்று வயது இளையவரான நுஃமானைக் கவிதைக்குள் அழைத்து வந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. நெல் விளைவிக்கும் குடும்பங்களின் வாழ்வைப் பாடிய அவருடைய ‘வேளாண்மை’ காவியம் நூலாக வந்தது 1982இல். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1975இல், அவர் இறந்துவிட்டார். தன் கவிதைத் தொகுதி எதையும் அச்சில் பார்க்காமல் போன கவிஞர் அவர். அக்காலக் கிழக்கிலங்கையில் எழுதுவது ஒரு காரியம், நூல் போடுவது வேறொரு காரியம்.

நீலாவணன் வழியாகவும் பின்னர் நேரடியாகவும் நுஃமானை ஆட்கொண்ட இன்னொருவர் யாழ்ப்பாணத்து அளவெட்டியைச் சேர்ந்த ‘மஹாகவி’ து. உருத்திரமூர்த்தி. அவரிடமிருந்து இந்தத் தலைமுறை கற்றது பேச்சோசை. இதைச் சற்று விளக்க வேண்டும். சென்னையில் 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய பின் யாப்பை விட்டு விலகிய புதுக்கவிதை வேரூன்றியது. இலங்கையில் அதே காலத்துச் சிறந்த கவிஞர்கள் பலர் யாப்பை விடவில்லை. யாப்பின் ஓசையை மாற்றினார்கள். ஒரு வெண்பாவை நாற்சீர் நாற்சீராக அச்சிட்டால் கண் அதைப் பார்த்ததும் வாய் இராகம் இழுக்கத் தொடங்கிவிடும். அதே வெண்பாவை, வீட்டுத் திண்ணையில் ஒருவர் கதைக்கும்போது மூச்சு விடும் இடங்களில் உடைத்து, ஒரு சீர் ஒரு வரி, மூன்று சீர் ஒரு வரி என்று அச்சிட்டுப் பார்க்கட்டும். தளை தட்டாது, இலக்கணம் குறையாது, ஆனால் இராகம் போய்விடும். ஆள் பேசுகிற குரல் கேட்கும். கமம், கூலி, காதல், பஸ் பயணம் எல்லாம் அந்தக் குரலில் கவிதைக்குள் வர முடிந்தது. ஐந்து வரி ஆங்கில வேடிக்கைப் பாட்டைத் தமிழ் யாப்புக்குள் கொண்டுவந்து ‘குறும்பா’ என்று பெயரிட்டவரும் மஹாகவிதான். அந்த நூல் வந்தது 1966இல். நுஃமானின் கவிதைகளில் உள்ள தெளிவும் அடக்கமான தொனியும் இந்தப் பயிற்சியின் விளைச்சல்.

இதற்குப் பின் அவர் செய்தது, எழுத்தாளராக வர விரும்பும் இளைஞர்கள் வழக்கமாகச் செய்யாத காரியம். தன் நூலைப் போட ஓடவில்லை. 1969, 70இல் கவிதைக்கென்றே ‘கவிஞன்’ என்ற காலாண்டிதழை நடத்தினார். சில இதழ்களோடு அது நின்றது. வாசகர் சங்கம் என்ற பெயரில் கல்முனையிலிருந்து நூல் வெளியீடும் தொடங்கியது. மஹாகவியின் பா நாடகமான ‘கோடை’ 1970இலும், ‘ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்’ என்ற காவியம் 1971இலும் அப்படி வெளிவந்தன. மஹாகவி 1971 ஜூனில் 44 வயதில் மறைந்தார். ஈழத்தின் மிக முக்கியமான நவீன கவிஞர் ஒருவரின் நூல்களுக்கு அவருடைய சொந்த ஊரிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால், ஒரு முஸ்லிம் ஊர் ஆசிரியர் உழைத்தார் என்பதை இலக்கிய வரலாறு எழுதுவோர் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

அக்காலத்தில் ஒரு கவிதை நூல் போடுவது எத்தனை கைவேலை என்பது இன்று கணினியில் தட்டச்சுச் செய்பவர்களுக்குத் தெரியாது. அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகள் பெட்டிகளில் அறை அறையாகக் கிடக்கும். அச்சுக்கோப்பவர் ஒவ்வொரு எழுத்தாக எடுத்துக் கையில் பிடித்த கோல் மேல் அடுக்குவார். அதுவும் தலைகீழாக. உரைநடைக்கு வரி நிறைய எழுத்து வேண்டும். உடைத்து எழுதிய கவிதைக்கோ எழுத்தைவிட வெற்றிடம் அதிகம், அந்த வெற்றிடத்தையும் ஈயக்கட்டை வைத்தே நிரப்ப வேண்டும். ஒரு கட்டை தள்ளிப்போனால் வரி முறியும் இடம் மாறி, கவிதையின் மூச்சே மாறிவிடும். அதனால் ஒப்புநோக்குபவர் யாப்பறிந்தவராக இருந்தால்தான் தப்பலாம். மற்றவர்களின் கவிதைகளை இப்படி வரிக்கு வரி, சீருக்குச் சீர் கண்ணில் வைத்துப் பார்த்த பயிற்சி, பிறகு திறனாய்வாளராகவும் மொழியியலாளராகவும் வரவிருந்தவருக்கு எந்தக் கலாசாலையும் தந்திருக்க முடியாத படிப்பு.

காலமும் சற்று உதவியது. 1970இல் வந்த அரசின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் தமிழகச் சஞ்சிகைகளின் வரவு குறைந்தது. உள்ளூர் எழுத்துக்கு உள்ளூரிலேயே வாசகர் தேடும் நிலை வந்தது. 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் திறனாய்வாளர் க. கைலாசபதி. ஆசிரியராக இருந்துகொண்டே மேலே படித்த நுஃமான் 1976இல் அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, 1977இல், ‘தாத்தாமாரும் பேரர்களும்’ வந்தது. நெடுங்கவிதைகள் கொண்ட முதல் தொகுதி. அப்போது அவருக்கு வயது முப்பத்துமூன்று.

யாழ்ப்பாணத்தில் அவர் வாழ்ந்த பதினான்கு ஆண்டுகள்தான் அவருடைய எழுத்தின் செழிப்பான பருவம். 1979இல் சித்திரலேகா மௌனகுரு, சி. மௌனகுரு ஆகியோருடன் சேர்ந்து ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ எழுதினார். 1981இல் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ வந்தது. மஹ்மூத் தர்வீஷ் முதலியோரின் கவிதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கிய அந்தச் சிறு நூல், நிலம் பறிபோன மக்களின் குரல் எப்படி இருக்கும் என்பதை ஈழத்து இளம் கவிஞர்களுக்கு நேரடியாகக் காட்டியது. 1980களில் எழுந்த ஈழப் போராட்டக் கவிதையை வாசிப்பவர் அதன் பாதிப்பைக் காணாமல் இருக்க முடியாது. கல்முனைக்குடியில் ஓர் ஆலிமின் வீட்டில் பிறந்து, பேச்சோசைத் தமிழில் தேர்ந்து, யாழ்ப்பாணத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு இந்த வேலை வாய்த்தது தற்செயல் என்று சொல்லத் தோன்றவில்லை.

அதே 1981இன் மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதைப் பற்றி நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’ அவருடைய கவிதைகளிலேயே மிகப் பரவலாக அறியப்பட்டது. எரித்தவர்களின் மதத்தை அது இகழவில்லை. அவர்கள் வணங்கும் புத்தரையே அவர்கள் கொன்றுவிட்டார்கள் என்று மெல்லிய குரலில் சொல்கிறது. கூச்சலுக்கு எல்லா நியாயமும் இருந்த நேரத்தில் குரலை உயர்த்தாமல் எழுத முடிந்ததற்குப் பின்னால் இருபது ஆண்டுப் பயிற்சி இருக்கிறது.

‘அழியா நிழல்கள்’ 1982இலும் ‘மழை நாட்கள் வரும்’ 1983இலும் வந்தன. 1984இல் அ. யேசுராசாவுடன் சேர்ந்து தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ நூலைச் சென்னை க்ரியா வெளியிட்டது. தமிழகத்து வாசகர் பலர் ஈழக் கவிதையை ஒழுங்காக அறிந்தது அதன் வழியாகத்தான். அதிலுள்ள பதினொருவரில் நீலாவணன், சண்முகம் சிவலிங்கம், நுஃமான் ஆகிய மூவர் கல்முனைச் சுற்றுவட்டாரத்தவர். 1987இல் வந்த ‘மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்’ இடதுசாரித் திறனாய்வுக்கு உள்ளிருந்தே அதன் இயந்திரத்தனத்தைக் கேள்வி கேட்டது.

யாழ்ப்பாண வாழ்வு 1990உடன் முடிந்தது. அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் கிழக்கே காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர்; ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பக்கத்து ஊர்த் தமிழரிடம் யாப்புப் பயின்று, யாழ்ப்பாணத்துக் கவிஞரின் நூல்களைப் பதிப்பித்து, நூலகம் எரிந்தபோது அதற்காக அழுத ஒரு தலைமுறைக்கு அந்த ஆண்டு என்னவாக இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. நுஃமான் 1991இல் பேராதனைப் பல்கலைக்கழகம் சென்று, ஓய்வு பெறும்வரை அங்கே தமிழ் கற்பித்தார். மொழியியலில் கலாநிதிப் பட்டத்தை, விபுலாநந்தர் முன்பு பேராசிரியராக இருந்த அதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பெற்றவர் அவர். 1999இல் வந்த ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ இன்றைய எழுத்துத் தமிழை அதன் சொந்த நிலையில் வைத்து விளக்குகிறது. பழைய நூற்பாவுக்குள் புதிய மொழியைத் திணிக்கவில்லை. மாணவருக்கு எது விளங்காது என்பதைக் கரும்பலகை முன்னால் நின்று அறிந்தவரின் நூல் அது.

அவருக்குப் பின் கரையோரத்தில் வழிகள் பிரிந்தன. கல்முனையின் சோலைக்கிளி, 1957இல் பிறந்தவர், ‘நானும் ஒரு பூனை’ (1985), ‘எட்டாவது நரகம்’ (1988), ‘காகம் கலைத்த கனவு’ (1991) என்று முற்றிலும் வேறு குரலில் எழுதினார். யாப்பில்லை, விலங்கும் பறவையும் மரமும் மனிதரோடு கலந்து புரளும் படிமங்கள், நடுவே கல்முனை வீட்டுப் பேச்சு.

சாய்ந்தமருதில் 1974இல் பிறந்த அனாரின் வழி இன்னும் கடினமானது. அவர் முன்னால் ஆசிரியர் கலாசாலையும் இல்லை, பின்னேரச் சங்கக் கூட்டமும் இல்லை. போர்ச் சூழலில் பள்ளிப்படிப்பு இடையில் நின்றது. பெண் எழுதுவதை எளிதில் ஏற்காத சூழலில், வீட்டுக்குள் இருந்து, புனைபெயரில் எழுதினார். 2004இல் ‘ஓவியம் வரையாத தூரிகை’ வந்தது. அந்த டிசம்பர் 26இல் கடல் எழுந்து சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளை அடித்துக்கொண்டு போனது. ‘எனக்குக் கவிதை முகம்’ (2007), ‘உடல் பச்சை வானம்’ (2009), ‘பெருங்கடல் போடுகிறேன்’ (2013) ஆகியவை காலச்சுவடு வெளியீடுகளாக வந்து அவரைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றன. 2013இல் அவர் இன்னொரு நூலையும் கொடுத்தார்: ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’. கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களின் பெண்களும் உழவர்களும் வாய்வழியாகப் பாடி வந்த, எழுதியவர் பெயர் தெரியாத கவிகளின் தொகுப்பு அது.