வெள்ளக்காலப் படகு மோட்டாரின் ஆயுளும் பராமரிப்பும்

ஸ்ரீபெரும்புதூர் தாலூகாவில் பிள்ளைப்பாக்கம் ஏரியைச் சார்ந்து பயிரிட்டுவந்த குடியானவர்களுக்கு எண்ணெய் எஞ்சின் புதிய பொருளன்று. தினந்தோறும் தண்ணீர் இறைக்கின்ற எஞ்சின் வருஷக்கணக்காய் உழைப்பதும், இரண்டு போகம் கொட்டகையில் மூடிக்கிடந்த எஞ்சின் மூன்றாவது போகத்தில் கிளம்ப மறுப்பதும் அவர்கள் கண்டறிந்தவையே. படகின் பின்புறத்தில் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டாரின் விஷயமும் இத்தகையதே.

ஏரிப்பாசனக் கிராமத்திற்குப் படகு மோட்டார் எதற்கென்று சிலர் வினவக்கூடும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் முதலிய ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சென்றடைகின்றது. 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி பெய்த பெருமழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயின. அவ்வேரியினின்று விநாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அப்போது வீட்டு மாடிகளில் ஒதுங்கியிருந்தோரை மீட்டவை பெரும்பாலும் மீனவர்களின் படகுகளும், மீட்புப் படையினரின் காற்றடைத்த ரப்பர்ப் படகுகளுமேயாம். 2018-ஆம் வருஷம் ஆகஸ்டில் கேரளத்து மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று பல்லாயிரம் பேரைக் காத்தனர். கடலோரத்துப் படகுகள் வந்துசேரப் பல மணி நேரம் செல்லுமாதலின், ஏரிக்கரைக் கிராமங்களுக்கு அண்மையில் ஓரிரு படகுகளேனும் ஆயத்தமாக இருத்தல் அவசியம். படகு கெடுவது அரிது, கெடுவது மோட்டாரே.

இம்மோட்டாரைப் பெருமளவில் விற்பனைக்குக் கொணர்ந்த முன்னோடிகளுள் ஒருவர், நார்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பார். 1909-ஆம் வருஷத்து அவருடைய மோட்டார் ஒன்றரைக் குதிரைச்சக்தியும் 62 பவுண்டு எடையும் உடையது. இன்றைய மோட்டார்கள் எவ்வளவோ திருந்தியுள்ளன. ஆயினும், மிதக்கின்ற தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முறை மாறவில்லை. இவ்வொன்றைப் புரிந்துகொண்டால் பராமரிப்பிற் பாதி புரிந்ததாகும்.

இதன் ஆயுளை வருஷத்தால் அளத்தல் பிழை. ஓடிய மணியால் அளத்தலே முறை. பெட்ரோலில் ஓடும் அவுட்போர்டு பெரிய பழுதுபார்ப்புக்கு முன் சுமார் 1,500 மணி நேரம் உழைக்குமென்பது பொதுவான கணக்கு. கவனமாய்ப் பேணப்பட்டவை இதனினும் மிகுதியாய் உழைப்பதுண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காருக்கு 1,500 மணி என்பது 90,000 கிலோமீட்டர். கார் சமதரையில் இளைப்பாறி ஓடும். படகு மோட்டாரோ மேட்டில் ஏறும் வண்டியைப் போல் ஓயாது முழுப்பாரத்தை இழுக்கும். நாளொன்றுக்கு 5 மணியாக வருஷத்தில் 200 நாள் கடலுக்குச் செல்லும் மீனவரின் மோட்டார் ஒன்றரை வருஷத்தில் அக்கணக்கை எட்டிவிடும். வருஷத்துக்கு 20 மணி மட்டுமே ஓடும் கிராமத்து மோட்டார் அதனை எட்ட 75 வருஷம் ஆகவேண்டும். அங்ஙனமிருந்தும், கிடங்கில் வைக்கப்பட்ட மோட்டார் நான்கைந்து வருஷத்திற்குள் பயனற்றுப் போதலைக் காண்கிறோம். உழைப்பு அதனைக் கொல்லவில்லை. சும்மா கிடந்ததே கொன்றது.

கிடப்பில் முதலிற் கெடுவது பெட்ரோல். அது நாட்பட்டால் பிசின் கட்டிக் கார்புரேட்டரின் நுண்ணிய துவாரங்களை அடைத்துவிடும். இக்காலத்தில் இவ்வபாயம் மிகுந்துள்ளது. ஏனெனில் 2025-ஆம் வருஷத்திற்குள் இந்தியாவெங்கும் 20 சதவீதம் எதனால் கலந்த பெட்ரோல் வழக்கிற்கு வந்துவிட்டது. எதனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தபோது எதனாலும் தண்ணீரும் பிரிந்து கலத்தின் அடியிற் படிய, மோட்டார் முதலில் உறிஞ்சுவது அவ்வடிநீரையே. அவுட்போர்டு செய்வோர் பலர் எதனால் 10 சதவீதத்துக்கு மேற்படலாகாதென்று தம் கைப்புத்தகத்தில் எழுதியுள்ளனர். ஆதலின் தம்மிடமுள்ள மோட்டாரின் புத்தகத்தைப் பார்ப்பதும், தண்ணீர் பிரிக்கும் வடிகட்டியைக் குழாயில் பொருத்துவதும், மீந்த பெட்ரோலை மாதத்திற்குள் வேறு வண்டியில் ஊற்றித் தீர்த்துவிடுவதும் நலம். ஓட்டி முடித்தபின் எரிபொருட் குழாயைக் கழற்றிவிட்டு, தானே நிற்கும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டர் காலியாகும்.

அடுத்தது, தண்ணீரை மேலேற்றும் இம்பெல்லர் என்னும் ரப்பர்ச் சக்கரம். ஓடாது கிடந்தால் இதன் இதழ்கள் வளைந்தபடியே இறுகிவிடும். தண்ணீரின்றி ஓட்டினாலோ சில விநாடிகளிலேயே தேய்ந்து கருகும். கிடங்கில் வைத்து “கிளம்புகிறதா, பார்ப்போம்” என்று கயிற்றை இழுத்துப் பார்க்கும் வழக்கம் இதனாலேயே பெருங்கேடு. சோதிக்க வேண்டின், விசிறியைக் கழற்றிவிட்டு, அடிப்பாகம் முழுதும் முழுகுமாறு தண்ணீர் நிறைந்த டிரம்மில் நிறுத்தி ஓட்டவேண்டும். மோட்டாரின் பின்புறத்துச் சிறு துளையினின்று தண்ணீர் பீச்சிவருதல் நற்குறி. வராவிடில் உடனே நிறுத்திவிட வேண்டும். மாதம் ஒருமுறை கால்மணி நேரம் இவ்விதம் ஓட்டினால் வருஷத்திற்குச் செலவாவது மூன்றே மணி. வெள்ளநீரில் வண்டலும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் உறைகளும் கலந்திருத்தலின், வெள்ளத்தில் ஓடிய மோட்டாரை நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஓட்டிக் கழுவி, இம்பெல்லரைத் திறந்து பார்த்தல் வேண்டும். கடற்கரையில் உப்புக்குச் செய்வதை இங்கே சேற்றுக்குச் செய்தல் தகும்.

எண்ணெயைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரில் முதல் 20 மணியிலும், பின்னர் 100 மணிக்கு ஒருமுறை அல்லது வருஷம் ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது, எண்ணெய் மாற்ற வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக்கில் பொதுவாக லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் வீதம் அதற்குரிய எண்ணெயைக் கலப்பது வழக்கம். மிச்சம் பிடிக்க எண்ணிக் குறைத்தால் பிஸ்டன் இறுகிவிடும். கியர் எண்ணெயை இறக்கும்போது அது பால்போல் வெளுத்திருப்பின், உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்றறிந்து சீலை மாற்றுதல் வேண்டும்.

மெக்கானிக் வேண்டுமென்று சென்னைத் துறைமுகம் வரை அலையத் தேவையில்லை. வல்லம் வடகாலில் இருசக்கர வண்டித் தொழிற்சாலையே இயங்குகின்ற இப்பகுதியில், பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த இளைஞர் ஒருவரேனும் பல ஊர்களில் இருப்பர். கைப்புத்தகத்தை அன்னாரிடம் கொடுத்து, ஸ்பார்க் பிளக்கும் கார்புரேட்டரும் அவர் பொறுப்பென்று ஏற்பாடு செய்துகொள்வது எளிது. கியர்ப்பகுதியை மட்டும் பழகியவரிடமே விடவேண்டும்.

கிராம நிர்வாக அலுவலரின் பொறுப்பிலோ, ஊராரின் பொறுப்பிலோ மோட்டார் இருப்பின், அதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கத் தக்கது. ஓட்டிய தேதி, மணி, ஊற்றிய எண்ணெய், மாற்றிய பாகம், ஓட்டியவர் கையொப்பம் ஆகியவை போதும். “போன வருஷம் மாற்றினோம்” என்று வாய்ச்சொல்லாய்க் கூறப்படும் இம்பெல்லர் பல சமயம் மூன்று வருஷத்துப் பழையதாயிருக்கும். மோட்டாரை நிமிர்த்தி நிறுத்தி வைத்தால் உள்ளே தேங்கிய தண்ணீர் வடிந்துபோகும். படுக்கவைத்தால் அது உள்ளேயே தங்கித் துருவேற்றும். எலி கடித்த எரிபொருட் குழாயும் ஒயரும் கிடங்குகளில் சாதாரணக் காட்சியாதலின், மூடுதுணியை மாதந்தோறும் நீக்கிப் பார்க்கவேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே ஒருமுறை மோட்டாரைப் படகில் பூட்டி ஏரியில் ஆட்களுடன் ஓட்டிப் பார்த்தல் தக்கது. சிறிய மோட்டார்கள் சிலவற்றில், விசிறி கல்லில் மோதினால் கியரைக் காக்கும்பொருட்டு முறிந்துவிடும் மெல்லிய ஆணி ஒன்றுண்டு. அது நடுவெள்ளத்தில் முறிந்தால் மோட்டார் ஓடியும் படகு நகராது. அத்தகைய ஆணி இரண்டும், ஒரு ஸ்பார்க் பிளக்கும், அதைக் கழற்றும் சாவியும், ஒரு குறடும் துணிப்பையில் இட்டு மோட்டாரின் கைப்பிடியிலேயே கட்டிவைக்க வேண்டும். துடுப்புகள் இரண்டு எப்போதும் படகிலேயே இருத்தல் வேண்டும்.